லிஸ்பனில் முதல் மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் மதியமோ மாலையோ வந்திறங்கி, அறையில் பெட்டியை வைத்துவிட்டு இருட்டுவதற்குள் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும் என்பவர்களுக்கான பக்கம் இது. ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான். வரைபடத்தில் 400 மீட்டர் என்று காட்டுவது, நேரில் நூற்றுக்கும் மேற்பட்ட படிக்கட்டுகளாக இருக்கலாம். அதனால் கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஏறுவதை வண்டிக்கோ மின்தூக்கிக்கோ விட்டுவிடுங்கள், இறங்கும்போது மட்டும் நடங்கள்.

விமானம் இறங்கி எவ்வளவு நேரத்தில் வெளியே வரலாம்?

நீங்கள் எந்த வழியாக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிராங்க்ஃபர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டம்) ஊர்களில் விமானம் மாறி வந்தால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்திருக்கும். லிஸ்பனில் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக வெளியே வரலாம், 40 நிமிடம் போதும். துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ நேராக வந்தால் சோதனை லிஸ்பனில்தான். 2025 அக்டோபரில் ஐரோப்பா முழுவதும் தொடங்கிய புதிய பதிவு முறையில் முதல் தடவை வருபவர்களிடம் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நீள்கிறது. 2 மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். விமானம் 6 மணிக்கு இறங்குகிறது, 7 மணிக்கு உணவகத்தில் மேசை பிடித்துவிடலாம் என்று முன்பதிவு செய்யாதீர்கள்.

நேர வித்தியாசமும் கணக்கில் வர வேண்டும். கோடையில் லிஸ்பன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். அங்கே இரவு 8 மணி என்றால் கோடையில் நம் உடம்புக்கு நள்ளிரவு 12.30. முதல் மாலையை 10 மணிக்குள் முடிக்கச் சொல்வது இதனால்தான்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது?

மெட்ரோவே போதும். வருகைக் கூடத்தை விட்டு வெளியே வந்ததும் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. சிவப்புத் தடத்தில் ஏறினால் ஒன்பதாவது நிறுத்தம் அலமேடா. அங்கே இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறி, 'காயிஷ் டு சொத்ரே' என்று பலகை போட்ட பக்கத்து ரயிலில் ஏறுங்கள். ஐந்தாவது நிறுத்தம் ரோஸியு, ஆறாவது பைஷா-ஷியாடு. மாறுவதையும் சேர்த்து 35 நிமிடம் ஆகும். காலை 6.30 முதல் இரவு 1 மணி வரை ரயில் உண்டு.

ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி இருந்தாலோ, தங்குமிடம் அல்ஃபாமா போன்ற படிக்கட்டுப் பகுதியில் இருந்தாலோ காரில் போவது நல்லது. ஊபர், போல்ட் இரண்டும் ஓடுகின்றன. மையப் பகுதிக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 யூரோவுக்குள் முடியும். அல்ஃபாமாவின் பல சந்துகளுக்குள் கார் நுழைய முடியாது. எந்த முனை வரை கார் வரும் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த இடத்தையே செயலியில் குறியுங்கள்.

பயணச்சீட்டு எது வாங்குவது? இயந்திரத்தில் நிறைய விருப்பங்கள் இருக்கின்றனவே?

முதலில் 'நவெகாந்த்' என்ற காகித அட்டையை வாங்க வேண்டும். விலை 50 சென்ட், ஒரு வருடம் செல்லும். அதில்தான் பணம் ஏற்றுவது. பலர் தடுமாறும் இடங்கள் மூன்று.

ஒன்று, ஆளுக்கு ஒரு அட்டை கட்டாயம். ஒரே அட்டையைத் தட்டிவிட்டுப் பின்னால் வருபவரிடம் கொடுத்தால் கதவு திறக்காது. இரண்டு, 'ஜாப்பிங்' என்பது நம் மெட்ரோ அட்டை மாதிரி, பணத்தை ஏற்றி வைத்துப் பயணத்துக்குப் பயணம் கழித்துக்கொள்ளும் முறை. ஒற்றைப் பயணச்சீட்டு வேறு வகை. ஒற்றைச் சீட்டு மிச்சம் இருக்கும் அட்டையில் ஜாப்பிங் பணத்தை ஏற்ற முடியாது, இயந்திரம் மறுத்துவிடும். மூன்று, வெளியே வரும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். ஏறியதும் கசக்கி எறிந்துவிட்டால் வெளிக்கதவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் மாலைக்கு ஜாப்பிங்தான் சரி. ஆளுக்கு 5 யூரோ ஏற்றினால் வரவும் திரும்பவும் போதும். ஒரு மெட்ரோ பயணம் 2 யூரோவுக்குள் முடியும். 24 மணி நேரச் சீட்டு சுமார் 7 யூரோ. அதை மறுநாள் காலை வாங்குங்கள், மாலையில் வாங்கினால் பாதி நேரம் தூக்கத்தில் போய்விடும். விமான நிலைய இயந்திரத்தின் முன் வரிசை நீளமாக இருந்தால், தட்டிச் செலுத்தும் வங்கி அட்டையை நேராக மெட்ரோ கதவில் காட்டலாம். அப்போதும் ஆளுக்கு ஒரு வங்கி அட்டை வேண்டும்.

தங்குமிட முகவரியில் கதவு எண்ணுக்குப் பின்னால் ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன?

தளமும் பக்கமும். எண்ணுக்குப் பிறகு 3 என்று போட்டு 'இஷ்கெர்து' என்பதன் சுருக்கம் இருந்தால் மூன்றாம் தளத்தில் இடப்பக்க வீடு. 'திரெய்து' என்பதன் சுருக்கம் என்றால் வலப்பக்க வீடு. 'ஆர்', 'சி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கு நடுவே ஒரு சாய்கோடு போட்டிருந்தால் தரைத்தளம். அதற்கு மேல் உள்ளதுதான் முதல் தளம், நம் ஊர்க் கணக்குதான். பழைய கட்டடங்களில் மின்தூக்கி இல்லாதது வழக்கம், மரப்படிகளும் செங்குத்தானவை. 'எத்தனையாவது தளம், மின்தூக்கி உண்டா?' என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அறை வாடகை போக, 13 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரி உண்டு. அதிகபட்சம் 7 இரவுக்கு வாங்குவார்கள். இது மோசடி இல்லை, மாநகராட்சி வரிதான்.

மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. எங்கே நடப்பது?

பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்திலிருந்து தொடங்குங்கள். இந்த நிலையம் குன்றுக்கு அடியில் மிக ஆழத்தில் இருக்கிறது. ஒரு வாசல் பள்ளத்தில் பைஷாவிலும், இன்னொன்று மேட்டில் ஷியாடுவிலும் திறக்கும். 'ஷியாடு' என்று போட்ட வாசலுக்குப் போகும் நகரும் படிக்கட்டுகளில் ஏறி நில்லுங்கள், ஒரு குன்றே ஏறியாகிவிட்டது. இந்தப் படிக்கட்டுகள் சீட்டுக் கதவுக்கு வெளியே இருப்பதால், ரயிலில் வராதவர்களும் பைஷா வாசலில் நுழைந்து காசில்லாமல் மேலே வரலாம். உள்ளூர்க்காரர்கள் தினமும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

வெளியே வந்ததும் கவிஞர் பெர்னாந்து பெஸ்ஸோவாவின் வெண்கலச் சிலை, 1905-இல் தொடங்கிய காப்பிக்கடையின் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து மேற்கே இரண்டு நிமிடத்தில் கமோயிஷ் சதுக்கம். அதன் மூலையிலிருந்து வலப்புறம் மேலேறும் தெருவில் சுமார் அரை கிலோமீட்டர் நடந்தால், வழியில் சாவ் ரோக்கி தேவாலயத்தைத் தாண்டி, சாவ் பேத்ரு த அல்கந்தரா என்ற காட்சிமேடை வரும். இன்றைய ஏற்றம் இவ்வளவுதான். எதிரே பள்ளத்தாக்கைத் தாண்டி ஊரின் பழைய கோட்டை தெரியும். மாலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கோட்டைச் சுவரில் விழும். மறைவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் கல் முழுவதும் தேன் நிறமாகிவிடும்.

பிறகு இறக்கம். வந்த வழியே சாவ் ரோக்கி வரை திரும்பி, இடப்பக்கம் இறங்கும் சிறு தெருவில் கார்மு சதுக்கத்துக்கு வாருங்கள். 1755 நவம்பர் 1 அன்று ஊரை அழித்த நிலநடுக்கத்தில் கூரை விழுந்த மடாலயம், இன்றும் வானத்தைக் கூரையாகக் கொண்டு அங்கே நிற்கிறது. 1974 ஏப்ரல் 25 புரட்சியில், ஏறக்குறைய அரை நூற்றாண்டு சுதந்திரமற்றுக் கிடந்த நாட்டின் கடைசிச் சர்வாதிகாரத் தலைவர் மார்செலு கயெத்தானு சரணடைந்ததும் இதே சதுக்கத்தின் காவல்படை மாளிகையில்தான். அவசரமாகக் கடந்துபோகும் இடமில்லை இது. ஒரு பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள்.

சதுக்கத்தின் வடக்கு மூலையிலிருந்து படிகளாக இறங்கும் தெரு உங்களை ரோஸியுவில் கொண்டு விடும். கறுப்பு வெள்ளைக் கற்கள் அலையலையாகப் பதித்த அந்தப் பெரிய சதுக்கத்திலிருந்து தெற்கே நேராக ருவா அவுகுஷ்தா. கார் வராத தெரு, நூல் பிடித்ததுபோல ஆறு வரை போகும். நிலநடுக்கத்துக்குப் பின் மன்னரின் அமைச்சர் பொம்பால் பிரபு பைஷா முழுவதையும் நேர்கோட்டுத் தெருக்களாகக் கட்டினார், தொழிலுக்கு ஒரு தெரு. இணையாக ஓடும் ஒரு தெருவின் பெயர் 'சபத்தெய்ருஷ்', காலணி தைப்பவர்கள் தெரு. ஈழத்தில் காலணியைச் சொல்லும் 'சப்பாத்து' வந்ததும் இந்தச் சொல்லின் வேரிலிருந்துதான்.

தெரு முடியும் வளைவைத் தாண்டினால் பிராசா து கொமேர்சியு, மூன்று பக்கம் மஞ்சள் மாளிகைகள், நாலாவது பக்கம் தேஜு ஆறு. இரட்டைத் தூண்களுக்கு நடுவே பளிங்குப் படிகள் தண்ணீருக்குள் இறங்கும். கடல் ஏற்றவற்றம் இங்கு வரை உண்டு. தண்ணீர் வற்றியிருக்கும்போது கீழ்ப்படிகளில் பாசி படிந்திருக்கும், படம் எடுக்கப் போய் வழுக்கி விழுகிறார்கள். உலர்ந்த படியோடு நின்றுவிடுங்கள்.

காலில் தெம்பிருந்தால் ஆற்றோரமாகவே மேற்கே 15 நிமிடம் நடந்து காயிஷ் டு சொத்ரே போய்ப் பச்சைத் தட மெட்ரோவைப் பிடிக்கலாம். இல்லையென்றால் சதுக்கத்திலேயே நீலத் தட நிலையம் இருக்கிறது. மொத்த நடை சுமார் இரண்டரை கிலோமீட்டர்.

சூரியன் மறைவதைப் பார்க்க எந்த மேடை?

இங்கேதான் பெரும்பாலானோர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். அஞ்சலட்டைகளில் அதிகம் வரும் போர்த்தாஸ் து சோல், பெயரிலேயே சூரியன் இருக்கிறது, ஆனால் கிழக்கே பார்த்த மேடை. அங்கே சூரியோதயம்தான். சூரியன் ஆற்றுக்கும் பாலத்துக்கும் பக்கமாக இறங்குவதைப் பார்க்க கிராசா மேட்டில் உள்ள சென்யோரா து மோன்த் போக வேண்டும். ஊரிலேயே உயரமான மேடைகளில் ஒன்று, அதனால் முதல் மாலையே நடந்து ஏறாதீர்கள், காரில் போய் இறங்குங்கள்.

ஜூன் கடைசியில் மறைவது இரவு 9 மணிக்குச் சற்றுப் பின். டிசம்பரில் மாலை 5.15 வாக்கில். டிசம்பரில் போகிறவர்கள் மேலே சொன்ன நடையை 4 மணிக்கே தொடங்கினால்தான் மேடையில் வெளிச்சம் கிடைக்கும்.

28-ஆம் எண் டிராமில் இன்றே ஏறலாமா?

வேண்டாம். மாலை 5 முதல் 7 வரை மார்த்திம் முனிஷ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் ஏறுவது நிச்சயமில்லை. ஏறினாலும் நெரிசலில் சன்னல் கிடைக்காது, ஜேப்படிக்காரர்களுக்குப் பிடித்த வண்டியும் அதுதான். மறுநாள் காலை 8 மணிக்கு முன் போனால் உட்கார்ந்தே போகலாம். கோட்டைப் பக்கம் ஏறுவதற்குத்தான் டிராம் தேவை என்றால், பிராசா த ஃபிகெய்ராவிலிருந்து 737-ஆம் எண் சிறு பேருந்து கோட்டை வாசல் வரை போகும்.

கேபிளால் இழுபடும் குளோரியா வண்டியைப் பழைய வழிகாட்டிகள் பலவும் பரிந்துரைக்கின்றன. 2025 செப்டம்பர் 3 அன்று அது தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வயதானவர்கள் கூட வருகிறார்கள். கோட்டை மேட்டுக்குப் படி ஏறாமல் போக வழி உண்டா?

உண்டு, இலவசமாக. பைஷாவில் ருவா துஷ் ஃபன்கெய்ருஷ் தெருவில் 178-ஆம் எண் கட்டடத்துக்குள் பொது மின்தூக்கி இருக்கிறது. கடைசித் தளத்தில் வெளியேறினால் ருவா த மதலேனா. தெருவைக் கடந்து எதிரே சிறு சதுக்கத்தில் பிங்கு தோசி பல்பொருள் அங்காடி உள்ள கட்டடத்தில் இன்னொரு மின்தூக்கி. அதன் உச்சியில் இறங்கினால் கோட்டைக்குக் கீழே உள்ள தெரு, மீதி ஏற்றம் பத்து நிமிடம். மின்தூக்கிகள் இரவில் மூடிவிடும். இருட்டிய பிறகு இறங்கக் கார் கூப்பிடுங்கள். கோட்டை மார்ச் முதல் அக்டோபர் வரை இரவு 9 மணி வரையும், மற்ற மாதங்களில் மாலை 6 வரையும் திறந்திருக்கும்.

சாப்பாடு எத்தனை மணிக்குக் கிடைக்கும்? கேட்காமலே ரொட்டி வைக்கிறார்களே?

உணவகங்கள் மதியம் 3 மணிக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி 7 அல்லது 7.30-க்குத்தான் பற்றவைக்கும். இடையில் பசித்தால் 'பஷ்தெலரியா' என்ற அடுமனைக் கடைகள் திறந்தே இருக்கும். சூப், ரொட்டி, பஷ்தெல் த நாத்தா என்ற முட்டைப்பால் கேக், கண்ணாடிக் குவளையில் 'கலாவ்' என்ற பால் காப்பி எல்லாம் உண்டு.

உட்கார்ந்ததும் மேசையில் வரும் ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், பாலாடைக்கட்டி எதுவும் இலவசமில்லை. தொட்டதற்குக் காசு. இது ஏமாற்று அல்ல, அந்த ஊர் வழக்கம். கேட்காமல் வைத்ததைத் தொடாமல் விட்டால் காசு வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. வேண்டாம் என்றால் வைக்கும்போதே 'நாவ், ஒப்ரிகாது' என்று சொல்லி அனுப்பிவிடுங்கள், பெண்கள் 'ஒப்ரிகாதா' என்பார்கள். ரொட்டியும் ஆலிவும் பெரும்பாலும் சில யூரோதான், நல்ல ருசி. பாலாடைக்கட்டித் தட்டுதான் பில்லை ஏற்றும்.

பட்டியலில் ஒரே உணவுக்கு இரண்டு விலை போட்டிருந்தால் சிறியது 'மெய்யா தோஸ்', அரைப் பங்கு. ஒருவருக்கு அரைப் பங்கே தாராளம். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வருவது போதும். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். கீரைச் சூப் என்று எல்லோரும் சொல்லும் 'கால்து வெர்த்' மேலே பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். 'செம் ஷோரிசு' என்று சொன்னால் அதைப் போடாமல் தருவார்கள், ஆனால் சூப்பை எதில் கொதிக்க வைத்தார்கள் என்பது தனிக் கேள்வி. 'சோப்பா த லெகூம்ஷ்' என்ற காய்கறிச் சூப் பாதுகாப்பான தேர்வு. 'செம் கார்ன, செம் பெய்ஷ' என்றால் இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கருவாடு மாதிரி உப்பிட்ட பக்கல்யாவ் மீன் வந்து நிற்கும். நாத்தா கேக்கில் முட்டை உண்டு.

சோறும் பருப்பும்தான் வேண்டும் என்றால் மார்த்திம் முனிஷ் சுற்றுவட்டாரத்துக்குப் போங்கள். வங்கதேச, நேபாள, இந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் அங்கே நிறைய. ஹலால் உணவும் அங்கேதான் எளிது.

போர்த்துகீசியம் ஒரு வார்த்தையும் தெரியாதே?

தெரியும். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, துவாலை, அன்னாசி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்தவை. ஈழத்துப் 'பாண்' அவர்களின் 'பாவ்'. உறவு இரு பக்கமும் பழையது: 1554-இல் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட முதல் புத்தகம், ஒரு சிறு ஜெபநூல், வெளிவந்ததே இந்த லிஸ்பனில்தான். அறை வரவேற்பில் 'ஷாவ்' என்றால் சாவி கிடைக்கும், 'துவால்யா' என்றால் துவாலை வரும்.

ஒரே ஒரு சொல் எல்லோரையும் ஏமாற்றும். கடைக் கதவில் பி, யூ, எக்ஸ், ஈ என்ற நான்கு ஆங்கில எழுத்து இருக்கும். உச்சரிப்பு 'புஷ்'. பொருள், இழு! தள்ள வேண்டிய கதவில் 'எம்புர்' என்று ஒலிக்கும் நீளமான சொல் இருக்கும்.

பணம் எங்கே எடுப்பது?

'மல்ட்டிபாங்கு' என்ற பெயருள்ள, வங்கிச் சுவரில் பதித்த இயந்திரங்களில் எடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் கடை வாசலில் தனியாக நிற்கும் இயந்திரங்கள் கூடுதல் கட்டணமும் மோசமான மாற்று விலையும் போடும். எந்த இயந்திரமானாலும் 'ரூபாயில் கழிக்கட்டுமா, யூரோவிலா?' என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமே திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். சின்னக் கடைகளுக்காகக் கையில் 30 யூரோ ரொக்கம் போதும்.

இரவில் பயமில்லையா?

மேலே சொன்ன பாதையில் இரவு 11 வரை கூட்டம் இருக்கும். ஆபத்து பெரும்பாலும் பையில் கை விடுவதுதான். காட்சிமேடையில் கைப்பிடிச் சுவர்மேல் கைபேசியை வைக்காதீர்கள், முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள். ருவா அவுகுஷ்தாவில் சிலர் பக்கத்தில் வந்து போதைப்பொருள் வேண்டுமா என்று முணுமுணுப்பார்கள். பெரும்பாலும் விற்பது வேறு ஏதோ காய்ந்த இலை. நிற்காமல் தலையாட்டிவிட்டு நடந்தால் பின்தொடர மாட்டார்கள். ஏதாவது திருடு போனால் ரெஷ்தவுரதோரெஷ் சதுக்கத்தில், ஃபோஷ் மாளிகையில் சுற்றுலாப் பயணிகளுக்கான காவல் நிலையம் இருக்கிறது. அவசர எண் 112.

முதல் இரவே ஃபாது கேட்கலாமா?

கேட்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஃபாது என்பது போர்ச்சுகலின் மரபுப் பாட்டு. ஃபாது வீடுகளில் பாட்டு 9 மணியை ஒட்டித் தொடங்கி நள்ளிரவு வரை போகும், சாப்பாட்டோடு சேர்த்துக் குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. பாடும்போது விளக்கைத் தணிப்பார்கள், கரண்டிச் சத்தம்கூடக் கூடாது. அரைத் தூக்கத்தில் கேட்டு வீணடிக்கக் கூடிய இசையல்ல அது. இரண்டாம் நாளுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

என்ன செருப்பு, என்ன உடை?

நடைபாதை முழுக்க சுண்ணாம்புக் கல். பல தலைமுறைக் கால்கள் பட்டு வழவழப்பாகி, லேசான தூறலிலேயே கண்ணாடி மாதிரி வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள மூடிய காலணி வேண்டும். ஜூலையிலும் மாலையானால் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசும், மெல்லிய மேலங்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

ஜூன் 12 அன்று இறங்குகிறேன். ஏதாவது மாற்றம்?

எல்லாமே மாறும். அன்றிரவு புனித அந்தோணியார் திருவிழா. அல்ஃபாமா, கிராசா, மோராரியா சந்துகள் முழுக்க மத்தி மீன் சுடும் புகையும் பாட்டும் ஆட்டமுமாக விடியும் வரை இருக்கும். அந்தப் பகுதிக்குக் கார் போகாது, தூக்கமும் கிடைக்காது. தங்குமிடத்தை அவெனீதாஷ் நோவாஷ் போன்ற சமதளப் பகுதியில் போட்டுக்கொண்டு, மாலை 7 மணிக்கு மெட்ரோவில் வந்து இரண்டு மணி நேரம் கூட்டத்தோடு நடந்துவிட்டுத் திரும்புங்கள். சுட்ட மத்தியை ஒரு ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தருவார்கள். மீனைத் தின்றுவிட்டு, எண்ணெய் இறங்கிய அந்த ரொட்டியைக் கடைசியில் தின்ன வேண்டும்.